பிறந்த ஊரிலேயே இடமில்லை... ஜப்பானின் செகி நகரமும் ராணுவ வாள்களும்!

ஜப்பானின் நகோயா நகரிலிருந்து வடக்கே போனால், சமவெளி முடிந்து மலைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது செகி. கிஃபு மாகாணத்தின் சிறிய ஊர். மினோ ஓட்டாவில் ரயில் மாறினால், ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்திலேயே நாகரா ஆறு. கோடைகால இரவுகளில் தீப்பந்தம் கட்டிய படகில் போய், நீர்க்காகங்களை விட்டு மீன் பிடிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

ஆனால், செகி என்றதும் ஜப்பானியர்களுக்கு நினைவுக்கு வருவது கத்திதான். ஜெர்மனிக்கு சோலிங்கன், இங்கிலாந்துக்கு ஷெஃபீல்டு என்றால் ஜப்பானுக்கு செகி. சமையலறைக் கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி, சவர பிளேடு எல்லாம் இங்கே தயாராகின்றன. கூடவே, விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஊர் பிரபலம். உலை முன்னால் நாள் முழுக்க நிற்கும் கொல்லர்கள் தெம்புக்காகச் சாப்பிட்ட உணவு என்று சொல்கிறார்கள்.

இங்கே வாள் செய்யும் தொழிலுக்கு 700 ஆண்டுகளுக்கும் மேல் வயது. 1876-ல் பொது இடத்தில் வாள் அணிய அரசு தடை போட்டதும், கொல்லர்கள் வீட்டுக் கத்திகளுக்கு மாறினார்கள். ஊரில் உள்ள வாள் கொல்லர் அருங்காட்சியகத்தில் பழைய வாள்களைப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஜனவரி 2 அன்று வெள்ளுடை அணிந்த கொல்லர்கள் ஆண்டின் முதல் சம்மட்டி அடியை இங்கேதான் போடுகிறார்கள். அக்டோபரில் கத்தித் திருவிழா.

இந்தக் கொண்டாட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம், போர்க்காலம்.

1934-ல் ஜப்பான் ராணுவம், மேற்கத்திய பாணி வாளைக் கைவிட்டு சாமுராய் பாணிக்குத் திரும்பியது. தேவை எகிறியது. ஒரு வாளை வாரக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. செகியின் பட்டறைகள் ஆலை எஃகை வாங்கி, தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, ஆயிரக்கணக்கில் வாள்களைச் செய்து தள்ளின. தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும் ஆபத்து உண்டு. எண்ணெயில் அந்த ஆபத்து குறைவு. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களின் கையில் இருக்கும் ஜப்பானிய ராணுவ வாள்களில் செகியில் பிறந்தவை ஏராளம்.

அவற்றை எடைபோடுவது ஒரு தனி வித்தை. உறையையும் கைப்பிடியையும் பார்த்து ஏமாறக் கூடாது. அதிகாரிகள் சொந்தக் காசில் வாள் வாங்கினார்கள் என்பதால், சிலர் 400 ஆண்டுப் பழைமையான குடும்ப வாளையே ராணுவ உறையில் போட்டுக்கொண்டு போருக்குப் போனார்கள். எனவே, கைப்பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, உள்ளே மறைந்திருக்கும் வால் பகுதியைப் பார்க்க வேண்டும். செய்தவரின் பெயர், அரத்தின் கோடுகள், துருவின் நிறம்... எல்லாம் அங்கேதான். துரு கன்னங்கரேலென்று படிந்திருந்தால் வயது அதிகம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. வாளின் ஜாதகமே அழிந்துவிடும்.

பெயருக்கு அருகில் 'செகி' என்ற எழுத்தோ, 'ஷோவா' ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் எழுத்தோ சிறிய முத்திரையாக இருந்தால், பெரும்பாலும் அது அவசரத் தயாரிப்பு. நட்சத்திர முத்திரை என்றால் கதை வேறு. ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற கொல்லர், மணல் இரும்பிலிருந்து எடுத்த 'தமஹகனே' எஃகில் பழைய முறைப்படி அடித்ததாக இருக்கலாம். சார்ஜென்ட்களுக்கு அரசே கொடுத்த 95-ஆம் ரக வாள் முழுக்க இயந்திரத் தயாரிப்பு. அலுமினியக் கைப்பிடியை வார்த்து, நாடா சுற்றியதுபோலவே பெயின்ட் அடித்திருப்பார்கள். அலகிலும் உறையிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு கூடும். இந்த ரகத்தில்தான் போலிகளும் மலிந்துகிடக்கின்றன.

1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் வாள்கள் பறிமுதல் ஆயின. பல அழிக்கப்பட்டன, பல, வீரர்களின் மூட்டையில் வெளிநாடு போயின. தேசியப் பொக்கிஷமான 'ஹோன்ஜோ மசமுனே' வாளும் டோக்கியோவின் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டதுதான். பிறகு அது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.

இன்றைய ஜப்பான் சட்டத்தில் வாள் ஓர் ஆயுதமல்ல, கலைப்பொருள். பரணில் தாத்தாவின் வாள் கிடைத்தால், முதலில் போலீஸில் சொல்ல வேண்டும். பிறகு மாகாணக் கல்வி வாரியத்தின் நிபுணர்கள் சோதிப்பார்கள். பாரம்பரிய முறையில் செய்ததென்றால் பதிவுச் சான்று கிடைக்கும். ஆலை எஃகு, எண்ணெய்த் தோய்ச்சல் என்றால் கிடையாது. அதை வைத்திருப்பதே குற்றம். அதாவது, செகியில் பிறந்த போர்க்கால வாள்களில் பெரும்பாலானவற்றை செகியிலேயே ஒரு வீட்டில் வைத்திருக்க முடியாது!

இதில் சிக்கிக்கொள்வது இரு நாட்டுக் குடும்பங்கள். சரணடைந்தபோது பல அதிகாரிகள், என்றாவது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெயரும் முகவரியும் எழுதிய துண்டை வாளில் கட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ தாத்தா கொண்டுவந்த வாளில் அந்தத் துண்டைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள், உரிய குடும்பத்துக்குத் திருப்பித் தர விரும்புகிறார்கள். நல்ல மனதோடு அனுப்பும் வாள், ஜப்பானில் இறங்கியதும் சோதனையில் தோற்று அழிக்கப்படக்கூடும். அதனால், அனுப்புவதற்கு முன் மூங்கில் ஆணியை எடுத்துவிட்டு, வால் பகுதியைப் படம் பிடித்து, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுவது நல்லது. செகி முத்திரை இருந்தால், பெரும்பாலும் அந்தப் பெயர் எழுதிய துண்டை மட்டும்தான் ஊருக்கு அனுப்ப முடியும்.