கயிறு பிடித்தவரின் மௌனம்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதன்முதலாகக் காலடி வைத்த இடம் தம்பானூர் இரயில் நிலையம். அதன் தண்டவாளங்களுக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் ஓடுவதை, நெடுங்காலம் இந்நகரில் வாழ்ந்தும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் எண்ண நேர்ந்தது. குப்பை அகற்ற அதில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. தீயணைப்புத் துறையின் முக்குளிப்போர் அவ்விருளில் கழிவினூடே மூழ்கித் தேடினர், கடற்படையினரும் வந்தனர். ஏறத்தாழ 46 மணி நேரத்திற்குப் பின், நிலையத்திற்கு அப்பால் உடல் கிடைத்தது.

அந்நாட்களில் அத்தொழிலாளியின் தாய் அழுததை வீடுதோறும் தொலைக்காட்சியில் கண்டோம். பொறுப்பு யாருடையது என்பதிலோ இரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று சுட்டின. கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. காட்டத் தேவையில்லாத துயரம் எல்லார் கண்ணிலும் பட்டது. எல்லாரும் அறிய வேண்டிய காரணமோ அலுவலகங்களுக்கிடையே வழக்காடி நின்றது.

அப்போது என் நினைவு தூத்துக்குடிக்குச் சென்றது. முத்துக் குளிப்பவன் தன் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையில் கொடுத்துவிட்டே இறங்குவான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் தொங்குவதை அறிந்தவன் கண்ணயரமாட்டான் அல்லவா?

என் சித்தப்பாவும் அவ்வாறு நின்றவரே. அவர் பிடித்தது கயிறன்று, காற்றுக் குழாய். தொண்ணூறுகளில், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிக்க இறங்கிய என் அத்தையின் கணவர், உயிரோடு மேலே வரவில்லை. ‘நீரில் மூழ்கி மரணம்’ என்று காகிதத்தில் எழுதினார்கள். பதினோர் ஆண்டுகள் சென்றபின், சாலைத் தெருவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சித்தப்பா சொன்னார்: “தம்பி, அன்றைக்குக் காற்று திரும்பிவிட்டது. எஞ்சின் புகை கம்ப்ரசருக்குள்ளே போயிருக்கிறது. குழாயில் புகை நாற்றம் அடித்ததை நான் முகர்ந்தேன். சொன்னால் என்னைத்தானே பிடிப்பார்கள்? அக்காள் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமந்து செல்லாதபடி தடுத்துவிடும். புகைபோக்கியை உயர்த்தி, கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயைப் புகை எட்டாத இடத்தில் வைத்தாலே பேராபத்து நீங்கும். இதை ஒருவரும் வெளியே சொல்லவில்லை. மறு ஆண்டு வேறொரு படகில் மற்றொருவர் அவ்வாறே மாண்டார்.

சித்தப்பாவை நான் பழிக்கவில்லை. அச்சமின்றிப் பேச அவருக்கு ஓரிடம் இருக்கவில்லை. அத்தகைய இடத்தைப் பிற நாட்டு முக்குளிப்போர் அமைத்துக்கொண்டனர். பிரித்தானிய சப்-அக்வா கிளப் விபத்துகளைத் திரட்டி, பெயர்களை நீக்கி, ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் தோன்றிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் இம்முறையே கைக்கொள்கிறது. 2010 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கப்பல் விபத்து விசாரணை விதித்தொகுப்பு, பழி சுமத்துவது தன் நோக்கமன்று என்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தைக் காக்கச் சொல்லி, விசாரணை முடிவை உலகறியச் செய்யவும் பணிக்கிறது.

நம் நாட்டிலும் வழி அடைந்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், புலனாய்வுக்குத் தடையாகும் தகவலையும் தனிமனிதர் பற்றிய தகவலையும் மறுக்க இடமளிக்கிறது. ஆயினும், விசாரணை நடக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது, தகவல் தந்தால் அது எவ்வாறு தடைப்படும் என்று காட்ட வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பொதுநலன் மிகுந்திருப்பின் வெளியிடலாம் என்னும் விதியும் அச்சட்டத்தில் உண்டு.

ஆகவே இரண்டும் வேண்டும் என்பேன். இறந்தவரின் உடற்கூற்று அறிக்கை குடும்பத்துக்குரியது. அது சந்தைக்கு வரலாகாது. சாட்சி கலங்கிச் சொன்ன சொல்லும் காக்கப்பட வேண்டும். ஆனால், உயிர் எதனால் போயிற்று என்னும் காரணம் நாளை அதே நீரில் இறங்கப் போகிறவனுக்குரியது. அதைப் பூட்டி வைக்க எவருக்கும் உரிமையில்லை. நம் பிள்ளைகள் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போகிறார்கள். அங்கிருந்து ஒரு துயரச் செய்தி வருமாயின், நாம் முதலில் கேட்பதும் ‘எப்படி நேர்ந்தது?’ என்பதே அன்றோ?

சித்தப்பா சொன்னதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவர் மனம் புண்படும் என்றே பேசாதிருந்தேன். அத்தை சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். கடைசிவரை, தம் கணவர் நீச்சலில் தவறிவிட்டார் என்றே எண்ணியிருந்தார். கடலை அவ்வளவு நன்றாக அறிந்த அந்த மனிதருக்கு அது நீதியாகுமா? தம்பானூர் வழியாகச் செல்லும்போதெல்லாம், குழாயைப் பிடித்துக்கொண்டு வாய்மூடி நின்றவர் சித்தப்பா ஒருவர் மட்டுமல்லர் என்று தோன்றுகிறது.