பூந்தமல்லி ரோடு போய்ச் சேரும் மைதானம்

பாரிவாக்கம் என்றதும் பாரிமுனைக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறதாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்! பாரிமுனைப் பாரி, 1788-ல் சென்னையில் கடை விரித்த தாமஸ் பாரி என்னும் வெள்ளைக்காரர். நம் பாரிவாக்கத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மல்லிகைக்குப் பேர் போன பூந்தமல்லி அடுத்த வீடு போல இருப்பதால், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் பாதகமில்லை. சரித்திர ஆதாரம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஊர் வந்துவிடும். ஓர் ஏரி, பழைய கிராமத்து வீடுகள், அவற்றை நெருக்கிக்கொண்டு எழும்பும் புது மாடி வீடுகள், ஓயாத லாரிகள். இன்னும் வடக்கே போனால் கூவம் நதியைக் கடக்க வேண்டும். ஆமாம், அதே கூவம்தான்! கோடையில் ஏரி வற்றினால் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு பக்கமும் செங்கல் நட்டால் கோல் கம்பம் தயார். பந்து ஒன்றுதான் வாங்க வேண்டும்.

இந்த ஊருக்கும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்த ஒரு கால்பந்துக் கிளப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு ரோடுதான் சம்பந்தம். பூந்தமல்லியில் பஸ் ஏறி உட்காருங்கள். வேலப்பன்சாவடி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலை உங்களைக் கொண்டுபோய் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இறக்கிவிடும். அங்கே வெள்ளைவெளேரென்று ரிப்பன் கட்டடம். அதற்குப் பின்னால், பெரியமேட்டில், ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்.

இந்த மைதானத்துக்குப் பூர்வாசிரமம் ஒன்று உண்டு. கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில் இங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினூ மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்துக் குவித்தது இங்கேதான். கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குப் போன பிறகு கால்பந்தும் ஓட்டப் பந்தயமும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1993-ல் எழும்பியது.

கிளப் பிறந்த கதைக்கு வருவோம். 2014 ஏப்ரலில் இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டிக்கு எட்டு ஊர்களை அறிவித்தார்கள். கொல்கத்தா உண்டு, கொச்சி உண்டு, குவாஹாத்தி கூட உண்டு. சென்னை இல்லை! கல்யாணப் பந்தியில் சொந்தச் சித்தப்பாவுக்கு இலை போட மறந்தது போலத்தான். பிறகு பெங்களூருக்கு உரிமை எடுத்திருந்த சன் குழுமம் விலகிக்கொள்ள, காலியான இலையில் சென்னை உட்கார்ந்தது. உரிமையாளர்களாக நடிகர் அபிஷேக் பச்சனும் விதா தானியும் வந்தார்கள். கிரிக்கெட் வீரர் தோனியும் கை கோத்தார். போட்டி தொடங்கியது அக்டோபர் 12-ம் தேதி. இடையில் இருந்தது இரண்டு மாதமோ, அதற்கும் குறைவோ. நம் வீடுகளில் ஒரு சீமந்தத்துக்கே அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்கிறோம்.

பெயர் 'சென்னையின் எஃப்.சி.' சென்னையின் என்ன என்று கேட்கும் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க. சின்னத்தைப் பார்த்தால் பெண்களுக்குச் சிரிப்பு வரும். புது வீடு கட்டும்போது வாசலில் தொங்கவிடுகிறோமே, அந்தத் திருஷ்டி பொம்மையின் முகம்! எதிராளியின் கண் படக்கூடாது பாருங்கள். ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் இன்னும் ரசமானது: 'மெரினா மச்சான்ஸ்'.

பயிற்சியாளராக வந்தவர் இத்தாலியின் மார்க்கோ மாத்தெரட்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஃபிரான்ஸின் ஸிடேன் தலையால் முட்டித் தள்ளினாரே, அந்த மார்புக்குச் சொந்தக்காரர். பிரேசிலிலிருந்து எலானோ வந்தார். முதல் வருஷம் எட்டு கோல் போட்டு, போட்டியிலேயே முதலாவதாக நின்றார். பட்டியலிலும் சென்னைக்கே முதலிடம். ஆனால் அரை இறுதியில் கேரளத்து அணி கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அடுத்த வருஷக் கதைதான் கதை. 2015 டிசம்பர் முதல் தேதியையும் மறுநாளையும் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. அது நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீரும், ஓயாத மழையும் சேர்ந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்தன. எத்தனை வீடுகளில் பீரோவும் ஆல்பமும் பள்ளிக்கூடப் புத்தகமும் மிதந்தன! அந்த நிலையில் ஊரில் ஆட்டம் ஏது? டிசம்பர் 12-ம் தேதி நடக்கவேண்டிய அரை இறுதியைப் புனேக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ஆட்டம், சொந்த ஊரே இல்லாமல்! அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். அடித்த அணி, நவம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த அணி.

டிசம்பர் 20, கோவாவில் இறுதியாட்டம். ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கோவா 2-1 என்று முந்திவிட்டது. பட்டாசுக்குத் திரி கிள்ளியிருப்பார்கள். 90-வது நிமிஷம் கோவாவின் கோல்காப்பாளர் கையில் பட்டே பந்து உள்ளே போயிற்று. இரண்டு நிமிஷம் கழித்துக் கொலம்பியாக்காரர் மெண்டோஸா மூன்றாவதைப் போட்டார். 3-2. வெள்ளச் சேறு காயாத ஊருக்குக் கோப்பை வந்தது. 2018 மார்ச் 17-ம் தேதி பெங்களூரிலேயே பெங்களூரை அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாவது கோப்பையும் வந்தது. அன்றைய அணியில் இருந்த தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. துறைமுகத்துக்கும் ரயில்வே பணிமனைக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போன குடும்பங்கள் வாழும் வடசென்னையில், கால்பந்து வெகு காலமாகவே தெரு விளையாட்டு. அந்தத் தெருவிலிருந்து ஒருவர் கோப்பை தூக்கியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விலைக்கு வந்த வெளிநாட்டார் எங்கேயும் ஜெயிப்பார்கள்.

இங்கே உங்களிடம் ஒரு குடும்ப விஷயம் பேச வேண்டும். பந்து உதைக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். முன்பெல்லாம் சென்னையில் நல்ல கால்பந்து அணி என்றால் ஆபீஸ் அணிதான். ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி. பையன் நன்றாக ஆடினால் உத்தியோகம். முழங்கால் போனாலும் மேஜை நாற்காலி போகாது. தொழில்முறைக் கிளப் அப்படியல்ல. சம்பளம் பெரிது, ஒப்பந்தம் சிறிது. கிளப்புக்கே ஆயுசு கெட்டியா என்றால், அதுவும் சந்தேகம். சென்னை சிட்டி என்று இன்னொரு கிளப் இருந்தது. கோயம்புத்தூரைத் தாயகமாக வைத்து ஆடி, 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. 2021-க்குப் பிறகு அந்த லீகில் அதைக் காணோம்! 2025-ல் சூப்பர் லீகை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறியானபோது, சென்னையின் கிளப்பும் ஆகஸ்டில் தன் வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த வருஷம் முடியும்வரை போட்டி தொடங்கவே இல்லை. பயிற்சி முடித்துக் காத்திருந்த பையன்களின் தாயார்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பந்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பெண் குழந்தையாயிருந்தால் இன்னும் போடாதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தை வென்று வந்தவர்கள்; மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் பெண்கள் லீகையே ஜெயித்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியவர். உத்தியோகத்தில் தமிழ்நாடு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் ஊரடங்கு வந்து மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, அவர் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு சென்னைத் தெருவில் காவலுக்கு நின்றார்.