வெள்ளைப் புகையா, கறுப்புப் புகையா? விற்க இருந்த வண்டியைக் காப்பாற்றிய 40 பக்க நோட்டு!

அதிகாலை 3 மணி. நீலகிரி மாவட்டம், கேத்தி பாலாடா. புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த பழைய டீசல் பிக்கப்பில் ஏறி, அவர் சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி. மூன்றாவது முறை ஒரு உறுமல் வந்து அடங்கியது. ஐந்தாவது முறை வண்டி முழுக்கக் குலுங்கியபடி என்ஜின் பிடித்தது. சைலன்சரிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை, பக்கத்திலிருந்த ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் போனது.

உள்ளே அம்மா இரும ஆரம்பித்தார். 73 வயது. ஏற்கெனவே வீசிங் தொல்லை. "கிளம்பிட்டியா சாமி?" என்று கேட்பதற்குள் இருமல் இரண்டு முறை குறுக்கே வந்தது.

அவர் கேரட் லோடு அடிப்பவர். கழுவி மூட்டை பிடித்த கேரட்டை விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும். அரை மணி நேரம் தாமதித்தால் விலை இறங்கும். இரண்டு நாள் தொடர்ந்து தாமதித்தால், தோட்டக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "டீசல் பம்ப் போச்சு" என்றார்கள். மனைவியின் கம்மலை அடகு வைத்து 18,000 ரூபாய் கொடுத்தார். பம்ப்பைக் கழற்றி, வேலை பார்த்து மாட்டினார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை வீட்டில் அதே கதை. திரும்பவும் கொண்டுபோனால், அங்கே ஒரே செல்ஃப். "எங்ககிட்ட நல்லாத்தானே எடுக்குது?" என்று சிரித்தார்கள். கடைசியில், "என்ஜின் வேலை பார்த்துடலாம், 60,000 ஆகும்" என்றார்கள்.

அந்தப் பணம் அவரிடம் இல்லை. வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, யாரிடமாவது டிரைவராகச் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். கோவையில் டிப்ளமோ படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்த நேரம் அது.

"அப்பா, விக்கிறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட கேட்டுப் பார்க்கலாமே?" என்றாள்.

பானெட்டைத் திறக்காத மெக்கானிக்

மண்டியில் சிலர் கைகாட்டியது, மேட்டுப்பாளையத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரை. லாரி என்ஜின்களோடே வயதானவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விகள்தான் கேட்டார்.

"புகை என்ன கலர் தம்பி?"

"வெள்ளைங்கண்ணா... சில சமயம் கறுப்புங்க."

"எப்ப வெள்ளை, எப்ப கறுப்பு? எத்தனை நிமிஷம் வருது? கண்ணு எரியுதா? எஞ்சின் ஆயில் குறையுதா? ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா?"

அவரிடம் ஒன்றுக்கும் உறுதியான பதில் இல்லை. 12 வருடம் ஓட்டிய வண்டி. ஸ்டார்ட் ஆனதும் கிளம்பிவிடுவாரே தவிர, பின்னால் போய் நின்று புகையைப் பார்த்ததில்லை.

"ஒரு வாரம் கவனிச்சு எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் காசு கொடுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். பெட்ரோல் வண்டிபோல டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது என்பதையும், புகைக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் மகளுக்கு அவர்தான் விளக்கினார்.

1897-ல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய என்ஜினின் அடிப்படைதான் இன்றும். காற்றை 15 முதல் 22 மடங்கு வரை அழுத்தினால், அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக, டீசல் என்ஜின் ஸ்டார்ட் ஆக மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: போதுமான சூடு, காற்றுக் குமிழி இல்லாத டீசல், வேகமாகச் சுற்றும் செல்ஃப். குளிரில் சூட்டுக்கு உதவுவதுதான் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று சொல்லும் பாகம். பல என்ஜின்களில் சிலிண்டருக்கு ஒன்று இருக்கும்.

எந்த நிறத்துக்கு என்ன காரணம்?

*வெள்ளை:* டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. டீசல் நெடியடித்து, கண் எரிந்து, என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால், முதலில் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். என்ஜின் சூடான பிறகும் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். அது பெரிய வேலை.

*கறுப்பு:* டீசல் அதிகம், காற்று குறைவு. அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், சொட்டும் நாசில், அளவுக்கு மீறிய லோடு எல்லாமே காரணமாகலாம்.

*நீலம்:* என்ஜின் ஆயில் எரிகிறது. வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ சீல் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். செலவு அதிகம் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் புகைதான்.

மகள் 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். தேதி, இடம், எத்தனை செல்ஃப், புகையின் நிறம், எத்தனை நிமிடம், ஆயில், தண்ணீர். தினமும் 3 மணிக்கு ஸ்வெட்டரோடு எழுந்து வந்து, சைலன்சருக்குத் தள்ளி நின்று செல்போனில் வீடியோவும் எடுத்தாள்.

முதல் மூன்று நாள்களும் ஒரே மாதிரி. ஐந்து செல்ஃப், குலுக்கல், மூன்று நிமிடம் வெள்ளைப் புகை.

நான்காம் நாள் ஒரு விசேஷத்துக்காகக் குன்னூரில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். அங்கேயும் அதே குளிர். ஆனால், ஒரே செல்ஃபில் என்ஜின் பிடித்தது. குலுக்கலும் வெள்ளைப் புகையும் மட்டும் அப்படியே இருந்தன. அன்றைய பக்கத்தில் மகள் கூடுதலாக ஒரு வரி எழுதினாள்: 'வண்டி பள்ளத்தைப் பார்த்து நின்றது.'

அவர்கள் வீட்டுச் சந்து மேட்டைப் பார்த்து ஏறும். அங்கே வண்டியின் முகம் மேட்டில், டீசல் டேங்க் பள்ளத்தில். ஒர்க்‌ஷாப் வாசலோ சரிவு. அங்கே முகம் கீழே, டேங்க் மேலே. ஐந்தாம் நாள் வீட்டிலேயே வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரே செல்ஃப்!

கறுப்புப் புகை காலையில் வரவே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது மட்டும் வந்தது. நீலப் புகை ஒரு நாளும் இல்லை. ஆயிலும் தண்ணீரும் இம்மியும் குறையவில்லை.

ஒன்றல்ல, மூன்று கோளாறுகள்

நோட்டைப் புரட்டிய பெரியவர், "பாதி வேலையை நீயே முடிச்சுட்டியே கண்ணு" என்றார்.

டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில், கிளிப் பிடிக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. டீசல் வெளியே சொட்டவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக, பைப்பில் இருந்த டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடும். காலையில் அந்தக் காற்றை வெளியேற்றவே நான்கு செல்ஃப் செலவானது. டேங்க் மேடாக இருந்தால் டீசல் திரும்பாது. ஒர்க்‌ஷாப்பில் கோளாறு தெரியாமல்போன ரகசியம் இதுதான். ஃபில்டருக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, அதில் குமிழிகள் ஓடுவதை அப்பாவுக்கும் மகளுக்கும் காட்டினார்.

அடுத்து ஹீட்டர் பிளக். நான்கையும் டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தார். இரண்டில் எரிந்தது, இரண்டில் எரியவில்லை. குளிரில் பாதி என்ஜின் மட்டும் எரிந்ததால்தான் குலுக்கலும் வெள்ளைப் புகையும். மூன்றாவது, தோட்டத்து மண்தூசி அடைத்த ஏர் ஃபில்டர். ஊட்டிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். காற்றே அங்கே அடர்த்தி குறைவு. வருகிற காற்றையும் ஃபில்டர் தடுத்தால், ஏற்றத்தில் கறுப்புப் புகை வராமல் என்ன செய்யும்?

ஹோஸ், கிளிப், இரண்டு ஹீட்டர் பிளக், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலி. மொத்தம் 3,400 ரூபாய்.

"அப்ப அந்த 18,000?" என்று கேட்டார் அவர். பெரியவர் பதில் சொல்லவில்லை. "நீலப் புகையும் இல்ல, ஆயிலும் குறையல. என்ஜின் வேலைக்கு இப்ப அவசியமே இல்லை" என்று மட்டும் சொன்னார். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஆனால், வண்டி கையில் இருக்கிறது.

உங்கள் வண்டியிலும் புகையா?

செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். பேட்டரி, அதன் டெர்மினல், டீசல் ஃபில்டரில் தண்ணீர், ஏர் ஃபில்டர், ஹோஸ், ஹீட்டர் பிளக். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் நாசில், பம்ப், என்ஜின் பக்கம் போக வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். புதிய காமன் ரெயில் வண்டிகளில் நாசில் பைப்பைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் ஆபத்து. அது வெடித்து என்ஜினையே உடைக்கலாம்.

முக்கியமாக, ஜன்னலுக்குப் பக்கத்திலோ மூடிய ஷெட்டிலோ வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டுவைக்காதீர்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சேர்த்துவிட்டது. மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அவர் இப்போது வண்டியைச் சந்து முனையில், வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துகிறார். ஒரே செல்ஃபில் என்ஜின் பிடிக்கிறது. இறங்கி, பின்னால் போய் ஒரு நிமிடம் புகையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

மகள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். நோட்டு டேஷ்போர்டில் இருக்கிறது. சில நாள்களுக்கு முன்பு காலையில் டீ கொடுக்கும்போது அம்மா கேட்டாராம், "ஏன் சாமி, ராத்திரி லோடுக்குப் போகலையா? வண்டிச் சத்தமே கேக்கலையே!"

அவர் அப்போதுதான் மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.