கடல் செய்த வைத்தியம்

எங்கள் வீட்டில் இரண்டு மீன்தொட்டிகள் உண்டு. கூடத்தில் இருப்பதை வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். இன்னொன்று, புது மீனையும் நோயுற்ற மீனையும் வைக்கும் தனித்தொட்டி, சமையலறையை ஒட்டிய ஒர்க் ஏரியாவில் இருக்கிறது. அதில் மணல், பாறை, பவளம் எதுவும் கிடையாது. வெறும் கண்ணாடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள நாலைந்து பி.வி.சி. குழாய்த் துண்டுகள். டெக்னோபார்க் வேலைக்காகக் கேரளத்துக் கழக்கூட்டத்துக்கு வந்து தங்கிவிட்ட எனக்குக் கடல்மீன்களைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டாவது தொட்டி கற்றுத் தந்தது.

கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோயைத் தருவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. தோலுக்கும் செவுளுக்கும் அடியில் 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்று பருக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், உதிர்ந்து போய் அடித்தரையில் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று நூறு, இருநூறாகப் பிரியும். விடிவதற்கு முன் வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும்; பிடிக்காதவை மடியும். எங்கள் பக்கத்து விழிஞ்ஞம் கடற்கரைப் பாறைகளுக்கு அப்பால், நீரோட்டம் ஓயாத இடத்தில், மீன் அதற்குள் எங்கோ போயிருக்கும். அதனால்தான் கடலில் இந்த நோய் இருந்தும் மீன்கள் பிழைக்கின்றன. நம் தொட்டியில் போக இடமில்லை. கூடு ஒட்டியிருக்கும் அதே பாறையின் மேல்தான் மீன் இரவெல்லாம் தூங்குகிறது. சாதாரணத் தொல்லையாக இருந்ததைக் கொல்லும் நோயாக மாற்றுவது நம் கண்ணாடிச் சுவர்தான்.

இதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையும் புரியும். மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை, காயவைத்துச் சுத்தமாக்கிய வேறு தொட்டிக்கு மாற்றுவது ஒரு முறை. நான்கு மாற்றல்கள், மருந்து ஒரு சொட்டும் இல்லை. கூடு வெடிப்பதற்குள் மீன் இடம் மாறிவிடுகிறது. கடல் தானாகக் கொடுத்துவந்த தூரத்தை இங்கே நாம் கையால் கொடுக்கிறோம்.

"புள்ளி தானே போய்க்கொள்ளும் சாரே, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். புள்ளி மறைவது உண்மைதான். உயிரி உதிர்ந்து கூடு கட்டப் போயிருக்கிறது என்பதே அதற்குப் பொருள். நம்பிக் காத்திருப்பவருக்கு அடுத்த முறை புள்ளிகள் பல மடங்காகத் திரும்பும். மீன் இல்லாமல் கூடத்துத் தொட்டியை 76 நாள் காலியாக விடச் சொல்வதும் இதனால்தான். சில கூடுகள் அவ்வளவு காலம் காத்திருக்க வல்லவை.

காயம்பட்ட மீனின் கதை வேறு. கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே அதன் உடம்பிலிருந்து தண்ணீர் எந்நேரமும் வெளியே கசிகிறது; அதை ஈடுகட்ட மீன் கடலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. வலை கிழித்த இடத்தில் செதிலும் வழவழப்பும் போனால் கசிவு கூடுகிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே அது தாகத்தில் வாடுகிறது. உப்பை மெல்ல மெல்லக் கொஞ்சம் குறைத்து, அமோனியா ஏறவிடாமல் பார்த்து, தின்னக் கொடுத்தால் பல காயங்கள் தாமாகவே ஆறும். ஒப்படர்த்தியை 1.025-இலிருந்து 1.009 வரை இறக்கினால் நீரின் உப்பு மீனின் இரத்தத்து அளவை நெருங்குகிறது. மீன் அதைத் தாங்கும். வெள்ளைப்புள்ளி உயிரியில் பெரும்பாலானவை தாங்காது. ஆனால் வெல்வெட் நோயைத் தரும் ஆமிலூடினியம் இதற்கு அசையாது. பொடி தூவியதுபோல் மேனி மங்கி, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் தாமிர மருந்துதான் வழக்கமான வழி. நோய் எது என்று பார்க்காமல் வைத்தியத்தில் இறங்கக் கூடாது.

அயனி வடிவத் தாமிரத்தின் எல்லை மிகக் குறுகியது. லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உயிரி தப்பும், 0.20-ஐத் தாண்டினால் மீன் வதைபடும். தினமும் டெஸ்ட் கிட்டில் அளந்தாக வேண்டும். பாறையும் மணலும் தாமிரத்தை இழுத்துக்கொள்ளும். இறாலும் பவளமும் அதில் சாகும். தனித்தொட்டி மொட்டையாக இருப்பது அதற்காகத்தான். இன்னொன்றும் மனத்தில் இருக்க வேண்டும்: இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. தாமிரம் கலந்த அந்த உப்புநீரை முற்றத்தில் கொட்டினால் அது மண்ணிறங்கிப் பக்கத்து வீட்டுக் குடிநீருக்கும் போகும்.

விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப் பாடுபடுகிறது. 2024-இல் அசூர் டாம்செல், ஆர்னேட் கோபி இரண்டையும் வளர்க்கும் முறையை அறிவித்தது. இப்படிப் பிறந்த மீன் வலையின் காயத்தையும் நெடும்பயணத்தின் களைப்பையும் பெரும்பாலும் அறியாதது. கிடைக்குமானால் அதைத்தான் வாங்க வேண்டும். அதையும் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மீன் வாங்குமுன் இரண்டாவது தொட்டிக்கு இடம் பாருங்கள், அதைப் பார்த்துக்கொள்ள நேரமும் பாருங்கள் என்று ஆசைப்பட்டுக் கேட்கும் நண்பர்களிடம் சொல்கிறேன். இரண்டும் இல்லாத வீட்டில் கடல்மீன் வளர்க்கக் கூடாது. கடலிலிருந்து எடுத்து வந்தோம் என்றால், கடல் அதற்குச் செய்துவந்த வேலையும் சேர்ந்தே நம் கைக்கு வருகிறது. அந்த வேலையைச் செய்யத் துணிந்தவருக்குத்தான் அதன் அழகைப் பார்க்கும் உரிமை.