புடி… விடு…

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற கோட்டைக் குன்றுகளுக்கு நடுவே புகுந்துதான் செஞ்சியைக் கடக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் காலத்துப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன் பிறகு கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கூடியிருக்கலாம். ஆனால் நான் போனது அதே சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு. பழைய ஜீப் ஒன்றின் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ வேலை அன்றைக்கு அங்கே நடக்கவிருந்தது.

 ஏரிக்கரை, கல்பாறை, உழுத கொல்லை, மலைப்பாதை எல்லாவற்றுக்கும் செஞ்சிப் பக்கம் ஜீப்தான். 1947இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வார்ப்பில் பின்னாளில் வந்த வண்டிகள் இன்னும் கிராமங்களில் மணிலாக் கொட்டை மூட்டையும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அன்று ஷெட்டில் நின்றது அப்படி ஒன்று. உரிமையாளர் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரை போய்ச் சரக்கு எடுத்து வருகிறவர்.

அவர் முதல் நாள் வந்து சொன்ன குறை இது: “மலை எறங்கறப்ப பெடல் ஒரேயடியா உள்ள போயிடுச்சு மேஸ்திரி. கியர்லயே புடிச்சி புடிச்சி எறக்கனேன். கீழ வந்து ஒரு டீ குடிச்சிட்டு மிதிச்சா நல்லா நிக்குது. போன வருசந்தான லைனிங் மாத்தனோம்?”

ஐம்பது வயதைத் தாண்டிய மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். அவருடைய கால் அந்த ஒரு மிதியில் பல கேள்விகளைக் கேட்கிறது. மிதித்தபடியே வைத்திருந்தால் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் வெளியே எங்கோ ஒழுக்கு இருக்கும், அல்லது பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் பக்கெட் வாஷர் தேய்ந்திருக்கும். இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே ஏறி வருகிறதா? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும், இல்லையென்றால் உள்ளே காற்று இருக்கும். பஞ்சுபோல் அமுங்கினால் பெரும்பாலும் காற்றுதான். கல்லாக நிற்கிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். இந்த வண்டியின் பெடல் எதையும் காட்டவில்லை. “பெடல்ல கொறை இல்ல. ஆயில்ல தண்ணி ஏறியிருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மலை இறங்கும்போது மட்டும் வந்து, அடிவாரத்தில் மறைந்துபோகும் குறைதான் இந்தத் தொழிலில் மிகவும் ஏமாற்றுவது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மூடியின் துளை வழியாகவும் ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேர்கிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். டாட் 3 ரகத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4க்கு இது 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம்மின் சூடு வீல் சிலிண்டருக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. டீ குடிக்கும் நேரத்தில் ஆறி, ஆவி மறுபடி திரவமாகிவிடுகிறது. வண்டியில் ஒன்றுமில்லை என்று ஓட்டுநர் நம்பிவிடுகிறார். அடுத்த மலைப்பயணத்தில் அதே திரவம் இன்னும் கொஞ்சம் ஈரத்தோடு காத்திருக்கிறது.

திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் இந்த ஹைட்ராலிக் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1917இல். 1921இல் டூசன்பர்க் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் அது வந்தது. ஆரம்ப காலத்தில் குழாய்க்குள் ஊற்றியது ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை. வரப்போரம் ஆமணக்கு வளர்க்கும் ஊரில் இதைச் சொன்னபோது மேஸ்திரிக்கு உண்மையான மகிழ்ச்சி. “வெளக்கெண்ணையா!” என்று இரண்டு முறை கேட்டார்.

வேலை தொடங்கியது. இந்த வார்ப்பு ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. தகட்டைக் கழற்றியதும் முதலில் செய்தது மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைப்பது. ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் வாஷரைக் கீறிவிடும். பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்தார்கள். டிகாஷன் நிறத்தில் இருந்தது. புதிய ஆயிலோ வெளிர் மஞ்சள். கை எட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்திய உடனே தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் ரப்பர் பாகங்களைத் துடைக்க டீசலோ பெட்ரோலோ அவர் ஷெட்டில் யாரும் எடுப்பதில்லை. அது பட்ட வாஷர் ஊதிப் பெருத்துச் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும்.

பழைய வண்டியில் மிகுந்த பொறுமை கேட்பது, வீல் சிலிண்டரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் நிப்பிள். வருஷக்கணக்காகத் திறக்காத நிப்பிள் துருவோடு ஒட்டிக்கிடக்கும். ஸ்பேனரை வைத்து வேகமாகத் திருப்பினால் தலை முறிந்து, வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும். அதனால் முதல் நாள் சாயங்காலமே நான்கு நிப்பிளுக்கும் துரு இளக்கும் திரவத்தை அடித்து விட்டிருந்தார். காலையில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி. வலதுபக்கப் பின்சக்கரத்து நிப்பிள் ஒன்றுக்கே வெகுநேரம் போனது. அவர் அவசரப்படவே இல்லை. இந்தக் கைப்பக்குவம் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது என்று எனக்குத் தோன்றியது. இரும்பு இளகப்போகிறதா, முறியப்போகிறதா என்பது ஸ்பேனர் வழியாக உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே தொழில் பழகும் இளைஞர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தார்கள். பெடல் தரை வரை போனால் வாஷர் சிலிண்டரின் துருப்பிடித்த கடைசிப் பகுதிக்குள் உரசிக் கிழியும். கட்டை அதைத் தடுக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடதுபக்கப் பின்சக்கரம். மேஸ்திரி கீழே படுத்து நிப்பிளில் ஒரு டியூப்பைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருந்த பாட்டிலுக்குள் முங்கவிட்டார்.

“மெதுவா அடி. இன்னும் மெதுவா. புடி!”

“புடிச்சிட்டேண்ணே.”

நிப்பிள் கால் சுற்றுத் திறக்கிறது. கறுத்த ஆயிலோடு குமிழிகள் சரம் சரமாக டியூப்பில் ஓடுகின்றன. நிப்பிள் மூடுகிறது.

“விடு.”

மூடும் முன்பே மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், அதுவரை செய்தது வீண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத வேலையில் குரல் ஒன்றுதான் துணை. சாலையில் லாரி போகும்போது மேஸ்திரி பேசாமல் காத்திருந்தார். சில முறை அடித்ததும் இளைஞர் இறங்கி வந்து மாஸ்டர் சிலிண்டரை நிரப்புகிறார். அது வற்றினால் மேலிருந்து காற்று இறங்கிவிடும். டியூப்பில் வெளிர் மஞ்சள் வந்து குமிழி நின்ற பிறகே அடுத்த சக்கரம். பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று தீர்ந்து இரண்டாவதின் சீலை உடைத்தார்கள். மிஞ்சியதை அடுத்த மாத வண்டிக்கென்று எடுத்துவைப்பதில்லை. திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும்.

டிரம்மைக் கழற்றும்போது அங்கே கம்ப்ரஷர் வைத்துத் தூசி ஊதுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறார்கள். இதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் நுண்ணிழை நுரையீரலில் போய்த் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். ஆனால் கையுறை யார் கையிலும் இல்லை. கறுத்த ஆயில் இளைஞரின் முழங்கை வரை வழிந்திருந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறவர் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும், கைக்கு ஓர் உறையும் இந்தத் தொழிலில் கூலியோடு சேர்ந்தே கணக்கில் வர வேண்டும்.

கூலிப் பேச்சு எளிதாக முடியவில்லை. லைனிங் மாற்றினால் தேய்ந்த பழையதைக் கையில் கொடுத்துக் காட்டலாம், உரிமையாளர் காசு கொடுப்பார். இந்த வேலையில் புதிதாகப் பூட்டிய சாமான் என்று எதையும் காட்ட முடியாது. அதனால் பழைய ஆயிலையும் புதியதையும் இரண்டு கண்ணாடி பாட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேஸ்திரி காட்டுகிறார். ஆயில் விலை சில நூறு ரூபாய், அரை நாளுக்கு மேல் இரண்டு பேர் உழைப்பு. இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான், எங்கே ஒழுக்கு வந்தாலும் முழுப் பிரேக்கும் போகும். அதை நினைத்தால் அவர் கேட்ட தொகை குறைவு. உரிமையாளர் கொஞ்சம் பேரம் பேசினார். இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகு கேட்டதைக் கொடுத்தார்.

திருவண்ணாமலை சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கதவின் உள்பக்கம் மார்க்கரில் மாதமும் ஆண்டும் எழுதினார்கள். “ரெண்டு வருசம். அதுக்குள்ள வண்டி நின்னே கெடந்தாலும் மாத்தணும்.” கறுத்த ஆயில் இருந்த பாட்டிலை மூடி, எஞ்சின் கழிவு ஆயில் டிரம்மோடு சேர்க்காமல் தனியாக வைத்தார் மேஸ்திரி. அதற்குள் ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, தனக்கும் இதே ஆயிலை மாற்றிக்கொடுக்கச் சொன்னார். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி அது. “உன்னுதுக்கு இந்த ஆயிலே கெடையாதுப்பா. லீவர எடுத்துப் பாப்போம், வா” என்று மேஸ்திரி ஸ்பேனர்களை வாரிக்கொண்டு எழுந்தார்.