கேம்பல் லேன் மாடியில் பேக்கேஜ் கட்டுகிறார்கள்

சிங்கப்பூர்த் தேக்காவில் கேம்பல் லேன் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி. பகலில் அலுவலக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் அங்கே உட்கார்ந்து டெபியன் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பேக்கேஜ் கட்டுகிறார். சம்பளம் கிடையாது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இன்றும் இப்படிப்பட்ட தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அன்று அவர் கையில் இருந்தது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பின் ஒரு சின்னத் துண்டு, புதிய பதிப்பு. டெபியன் தன் தேவைக்காக முன்பே எழுதி வைத்த பேட்சுகளை, அதாவது திருத்தங்களை, புதிய மூல நிரல்மேல் ஒவ்வொன்றாக ஏற்றினார். மூன்று பேட்ச் ஏறியது. நான்காவது ‘ஹங்க் ஃபெயில்டு’ என்று நின்றது. அது திருத்த வேண்டிய வரிகள் வேறொரு கோப்புக்குப் போயிருந்தன. உடனே பேட்சை மாற்றி எழுதுவார் என்று நினைத்தேன். அவரோ கேடிஇக்காரர்களின் மாற்றக் குறிப்புகளை மாதக்கணக்கில் பின்னோக்கிப் படித்தார்.

“அவங்களே இதைச் சரிபண்ணியிருந்தா நம்ம பேட்சைத் தூக்கிடணும். தெரியாம வச்சிருந்தா ஒரு வேளை மருந்தை ரெண்டு தடவை குடிச்ச மாதிரி” என்றார். சரிபண்ணித்தான் இருந்தார்கள். பேட்ச் போயிற்று, சேஞ்ச்லாக்கில் ஒரு வரி ஏறியது.

அடுத்து, அடிப்படைப் பேக்கேஜ்கள் மட்டும் உள்ள தனிச் சூழலில் முழுவதையும் கட்டிப் பார்க்கிறார்கள். தன் கணினியில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரி உதவிவிட்டால் குறை தெரியாமல் போய்விடும் அல்லவா? பிறகு ‘அன்ஸ்டேபிள்’ கிளைக்கு அனுப்புகிறார்கள். வழக்கமாக ஐந்து நாள் பெரிய வழு எதுவும் வராவிட்டால் ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போகிறது. டெபியன் 12இல் இருந்தது பிளாஸ்மா 5.27. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் பிளாஸ்மா 6.3. நடுவில் பிளாஸ்மாவின் அடித்தளம் க்யூட்டி 5இலிருந்து க்யூட்டி 6க்கு மாறியதால், அடியில் உள்ள லைப்ரரிகளை முதலில் ஏற்றி, அவற்றை நம்பியிருப்பவற்றை வரிசையாக மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

இந்த உழைப்பெல்லாம் தமிழுக்கு வரும்போது எங்கே இடறுகிறது என்பதையும் அன்றே பார்த்தேன். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் பழைய மடிக்கணினியோடு வந்திருந்தார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதில் டெபியன் 13 போட்டிருந்தார். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்க முடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் “அண்ணே, தமிழ்99 கீபோர்டு வரவே மாட்டேங்குது!”

“வேலாண்டுல செட்டிங் வேற தம்பி” என்று நண்பர் எழுந்து வந்தார். திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11 முறையில் உள்ளீட்டுக் கருவியை நாமே இயக்கிக்கொள்ளலாம். அதன் இடத்துக்கு வந்த வேலாண்டில் பிளாஸ்மாவின் சாளர மேலாளரே அதை இயக்க வேண்டும். செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குள் ‘விர்ச்சுவல் கீபோர்டு’ என்ற இடத்தில் ஃபிசிட்எக்ஸ் 5 என்ற உள்ளீட்டுக் கருவியைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் வந்தது. திரையில் தட்டும் விசைப்பலகைக்கான இடம் என்றுதான் எவரும் அதை நினைப்பார்கள். தமிழ்99 தேடுகிறவர் அங்கே ஏன் போகப்போகிறார்?

தமிழ்99 விசைப்பலகைக்கும் சிங்கப்பூருக்கும் உறவு உண்டு. 1997இல் இங்கே கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சிதான், அந்த விசைப்பலகைக்கு வழிவகுத்த 1999 சென்னை மாநாடு. லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய டாப், டிஸ்கி குறியாக்கங்களுக்கான வகைகளும் உடன் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பது பெரிய காரியம்தான். ஆனால் ஒவ்வொரு புதிய டெஸ்க்டாப்பிலும் அதைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே! பேக்கேஜ் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலும் அவர்கள் கண்ணில் படாது. ‘ஸ்டேபிள்’ எனப்படும் நிலைப்பதிப்பு வெளியான பிறகு பெரிய வழுக்களை மட்டுமே திருத்துவார்கள். நம் குறை அடுத்த பதிப்புவரை, சுமார் இரண்டு ஆண்டு, அப்படியே கிடக்கும்.

அந்த அடுத்த பதிப்பான டெபியன் 14க்கு ‘ஃபோர்க்கி’ என்று பெயர். வீட்டில் சும்மா கிடக்கும் கணினி இருந்தால் அதில் டெபியனின் டெஸ்டிங் கிளையை இப்போதே நிறுவுங்கள். அரை மணி நேரம் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். பிசகினால் ‘ரிப்போர்ட்பக்’ என்ற வழு அறிவிக்கும் கருவி வழியாக எழுதி அனுப்புங்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும்.