குழாய் இருந்த இடம்

மூன்று வருஷத்துக்கு முன் குடல்வால் வெடித்து எனக்கு ஆபரேஷன் நடந்தது. நடுவயிற்றில் நீளத் தையல். சீழ் வடிய வலப்பக்கம் தனியாக ஒரு ஓட்டை, அதில் விரல் தடிமனில் குழாய், முனையில் பை. ஐந்தாம் நாள் குழாயை உருவி பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

பெரிய தையல் சமர்த்தாக ஆறிவிட்டது. போன தை மாதம் இருமியபோது குழாய்த் தழும்பில் எலுமிச்சை அளவு புடைத்தது! படுத்தால் உள்ளே போய்விடும்.

"ஹெர்னியா ஐயா. அபூர்வமாக வரும்" என்றார் சர்ஜன். மேல்தோல் மூடினாலும் அடியிலுள்ள வயிற்றுச் சுவரின் ஓட்டை சிலருக்கு மூடாது. குடலோ, அதைப் போர்த்திய கொழுப்போ அதன் வழியே பிதுங்கும். குழாய் தடிமனானால் ஆபத்து அதிகம். அதனால் இப்போதெல்லாம் மெல்லிய குழாய்தான், அதுவும் அவசியமானால் மட்டும்.

ரப்பர் குழாய் வைத்துச் சீழ் வடிப்பதைப் பரப்பியவர் பாரீஸ் சர்ஜன் ஷசேஞ்யாக். 1859-ல் அதற்கென்றே இரண்டு பாகப் புத்தகம் போட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சீழ் உள்ளே தங்கியிருந்தால் இதை எழுத நான் ஏது?

சித்திரையில் வலை வைத்துத் தைக்கிறார்கள். அதுவரை தண்ணீர் கேன் தூக்க வீட்டில் தடை. புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார். அஸ்தினாபுரம் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் நம்பரை மனைவி பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.